யாரைக் கேட்டு நிறுத்தினாய், தாஸ்?

மரியதாஸ் செத்துப்போன செய்தி எனக்கென்று வந்ததல்ல. திருவொற்றியூரில் நான் நடத்தும் எஸ்.டி.டி. பூத்துக்குள் ஒருவர் நுழைந்து, யாருக்கோ போன் போட்டு, "நம்ம மீன்பாடி தாஸு பூட்டான்பா, நெஞ்சுவலி" என்று கத்தினார். அந்தக் கண்ணாடிக் கதவு எப்போதும் முழுதாக மூடாது. பில்லைக் கிழித்துக் கொடுத்து அவரை அனுப்பினேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. என்னோடு ஒரு சண்டை பாக்கியிருக்கும்போது இந்த ஆள் எப்படிப் போகலாம்?

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. நான் 'அவன்' என்றே எழுதப்போகிறேன். அவனும் என்னை 'இன்னாமே' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. சங்கத்து நண்பர்களுக்கு மனம் சங்கடப்பட்டால் படட்டும்.

ராயபுரத்துக்காரன். துறைமுகத்தில் மூட்டை சரிந்து ஒரு கால் முழங்காலோடு போயிற்று. பிறகு காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் மீன்பாடி வண்டி ஓட்டினான். முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் பெட்டி, பின்னால் ஓட்டுகிறவன், அவனுக்குக் கீழே பழைய ஸ்கூட்டர் இன்ஜின். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைக் கழுவி, கால் அறுத்த நாற்காலி ஒன்றை அதில் முடுக்கி, நம் ஊனமுற்றோர் சங்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பறப்பான். மூடிக்கிடந்த ஒரு கம்பெனிக்குப் பின்னால், எண்ணூர்ப் பக்கம், கடலை ஒட்டிய காலி ரோடு. உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் ஒன்றுமே இருக்காது. இன்ஜினும் ஆளும் முதுகுக்குப் பின்னால். உப்புக்காற்று நேராக வாய்க்குள் போகும்.

எனக்கு இரண்டு காலும் போலியோ. நான் ஏறிய எந்த வண்டியிலும் யாராவது ஒருவர் டிரைவரிடம், "மெதுவா போப்பா, பாவம், முடியாத பொண்ணு" என்று சொல்லாமல் இருந்ததில்லை. தாஸ் வண்டியில் முதல்முறை ஏறிய அன்று, பழக்கதோஷத்தில் நானே சொல்லிவிட்டேன், பத்திரமாக ஓட்டுங்கள் என்று. என் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "பத்திரமா குந்திக்கினு இருக்கத்தான் உன் வூட்ல நாற்காலி கீதே. இங்க இன்னாத்துக்குமே வந்தே?" என்றான். கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நான் போட்ட கூச்சல் பயத்தில் தொடங்கியது, எங்கே சந்தோஷமாக மாறியது என்று தெரியவில்லை. முப்பது வயதுவரை யாரும் என்னை வேகமாக எங்கும் கொண்டுபோனதில்லை. அதை நினைத்து அன்று வீட்டில் அழுதேன்.

நம் சங்கத்துச் செல்வத்தை உங்களுக்குத் தெரியும். மூளை வாதம் வந்தவன், பேச்சு மற்றவருக்குப் புரியாது. முதல் நாள் வண்டி வேகமெடுத்ததுமே அவன் அம்மா ரோட்டோரத்திலிருந்து, "நிறுத்துடா பாவி, புள்ள பயப்புடுது" என்று கத்தினார். தாஸ் நிறுத்தினான். செல்வம் முகத்தைச் சுளித்து உறுமினான். மறு வாரம் தாஸ் ரப்பர் பந்து வைத்த ஹாரன் ஒன்றைக் கொண்டுவந்து செல்வத்தின் கையோடு சேர்த்துக் கட்டினான். அந்த அம்மாவிடம், "தோ பாரும்மா, ஹாரன் அவன் கைல கீது. அவன் அமுக்கினா நிறுத்துவேன். நீ தொண்ட கிழிய கத்தினாலும் நிறுத்தமாட்டேன்" என்றான். செல்வம் கடைசிவரை அமுக்கவில்லை. அந்த அம்மா எவ்வளவோ திட்டினார், தாஸ் காதில் வாங்கவே இல்லை. ஏறியவர்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. அவனிடம் நான் மதித்தது இது ஒன்றைத்தான்.

பிறகு நான் விழுந்தேன். திருப்பத்தில் மணல் கிடந்தது. நான் 'இன்னும், இன்னும்' என்று கத்திக்கொண்டிருந்தேன். வண்டி குடைசாய்ந்தது. கழுத்துக்குக் கீழே காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் என் கட்டிலைச் சுற்றி சங்கத்துப் பெரியவர்கள் நின்றார்கள். என் தலைக்கு மேலாக என் அண்ணனிடம் பேசினார்கள். "ஏதோ ஆசைப்பட்டுட்டாங்க, இதுங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க" என்றார் ஒருவர். எலும்பு என்னுடையது, வலி என்னுடையது, பேச்சு மட்டும் அவர்களுடையது. நான் வாயைத் திறந்தபோது, ஸ்ட்ரெய்ன் பண்ணிக்காதம்மா என்றார்கள்.

தாஸ் வந்தால் இவர்களை நாலு கேள்வி கேட்பான் என்று காத்திருந்தேன். மறுநாள் வந்தான். கட்டையை ஊன்றிக்கொண்டு கால்மாட்டில் நின்றான்.

"வண்டிய நிறுத்திட்டேன்மே. உங்கண்ணன் கைல அடிச்சி சத்தியம் பண்ணிக்கீறேன்."

"யாரைக் கேட்டு?"

அவன் கட்டையை மாற்றி ஊன்றினான்.

"ஏறினது நான். நான் நிறுத்தச் சொன்னேனா?"

"நீ செத்துப் பூட்டிருந்தா இன்னா பண்றது?"

"செத்துப்போயிருந்தால் அது நான்தானே. உனக்கு என்ன?"

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. செல்வத்தைப் பெற்ற தாய்க்குக் கொடுக்காத உரிமையை என் அண்ணனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, என் முன்னால் வந்து கண் கலங்குகிறான். போ என்றேன். போனான். பிறகு அந்த வண்டியில் மீன் மட்டும்தான் போயிற்று. நானும் அவனோடு பேசவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவன் படத்துக்கு மாலை போட்டவர்களைப் பார்த்தேன். அன்று கட்டிலைச் சுற்றி நின்ற அதே முகங்கள். 'நமக்குச் சிறகு கொடுத்தவர்' என்று ஒருவர் பேசினார். வெட்டியது யார் ஐயா? மைக்கைக் கேட்டேன். நேரமாகிவிட்டது என்றார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். செத்தவனை மன்னித்துவிடு என்று யாரும் எனக்குச் சொல்ல வர வேண்டாம்.

என் காறை எலும்பு கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கிறது. ரவிக்கைக்கு அளவெடுக்கும் பெண் ஒவ்வொரு முறையும் அந்த மேட்டில் டேப்பை வைத்துவிட்டு, "இதுவும் போலியோவாக்கா?" என்று கேட்பாள். இல்லை, வண்டியில் வேகமாகப் போய் விழுந்தது என்பேன். அவள் நம்பமாட்டாள். இந்த உடம்பில் காய்ச்சல் கொடுத்ததும் டாக்டர்கள் கொடுத்ததும் போக, நானாக ஆசைப்பட்டுத் தேடிக்கொண்டது இது ஒன்றுதான். தாஸிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது இதுதான். இதை யாருக்கும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.