ரூபன் கனடாவில் இல்லை

ஹனோவரில் எங்கள் எல்லாருக்கும் அக்காவான தவமணி அக்கா போய்விட்டார் என்று அம்மா தொலைபேசியில் சொன்னபோது நான் ஹம்பேர்க்கில் வேலைக்குப் போகும் எஸ்-பான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். "பிள்ளை, அக்கா விடியப்புறம் போட்டா. நோகாமல்தான் போனவவாம்" என்றார் அம்மா. அடுத்த நிலையத்தில் இறங்கி, ஒரு வாங்கில் இருந்துகொண்டு, வேலைக்குச் சுகமில்லை என்று அறிவித்தேன். பொய்தான். பொய் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு என்பதை இதை வாசித்து முடிக்குமுன் நீங்களே அறிவீர்கள்.

மத்தியானம் அம்மா மரண அறிவித்தலை அனுப்பி, பிழை பார்க்கச் சொன்னார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். உறவுகளின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர் வாழும் நாடு. அதில் 'ரூபன் (கனடா) அவர்களின் பாசமிகு சகோதரியும்' என்று இருந்தது. நான் இரண்டு இடங்களில் எழுத்துப் பிழை திருத்தினேன். கனடாவைத் திருத்தவில்லை.

ரூபன் கனடாவில் இல்லை. ஒருநாளும் இருந்ததும் இல்லை. ஹனோவரில் உள்ள பழைய தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே எழுதினோம், தெரிந்துகொண்டே வாசித்தோம், கண்ணீர் அஞ்சலி என்று கீழே பதிலும் போட்டோம். பின்னேரம் நீர்கொழும்பிலிருந்து ரூபன் அண்ணை என்னை அழைத்தார். "தங்கச்சி, அக்கா செத்த பிறகும் என்னைக் கனடாவிலைதான் விட்டிருக்கிறியள்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன்.

கொள்ளி வைக்க வேண்டிய தம்பி அவர். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. விசா சரிவரவில்லை, நேரமும் போதவில்லை. தகன மண்டபத்தில் ஐயர் கிரியை செய்யும்போது நான் தொலைபேசியைப் பெட்டிக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். கை உளைந்து தொலைபேசி சரிந்தபோதெல்லாம் "முகத்தைக் காட்டுங்கோ, முகத்தைக் காட்டுங்கோ" என்ற குரல் அதற்குள்ளிருந்து வந்தது. இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொன்னவரும் அவர்தான். "என்னத்தையும் எழுதுங்கோ, கனடா எண்டு மட்டும் எழுதாதேங்கோ" என்றார்.

அக்காவைத் தெரியாமல் இந்த மலரைக் கையில் எடுப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஒரு மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை செய்தார். ஆனால் அவருடைய உண்மையான வேலை எங்களுடன் டெர்மினுக்கு, நேரம் குறித்துத் தந்த சந்திப்புகளுக்கு, வருவது. வெளிநாட்டவர் அலுவலகம், வைத்தியர், பள்ளிக்கூடம், எங்கே யாருக்கு டெர்மின் இருந்தாலும் அக்கா கூட வருவார். பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். பழுப்பு நிறத் தோல் பை, கொழுக்கி உடைந்து, ஒரு றப்பர் வளையத்தால் மூடியது. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிம்னாசியப் பள்ளிக்கு என்னை அனுப்ப ஏலாது என்று பள்ளியில் ஆசிரியை சொன்ன அன்றும் அம்மாவுக்குப் பக்கத்தில் அந்தப் பை இருந்தது. அக்காவின் ஜெர்மனில் இலக்கணம் கண்டபடி ஓடும். ஆனாலும் அவர் எழும்பாமல் இருந்த இருப்பில் அந்த ஆசிரியை கடைசியில் கையெழுத்து வைத்தார். வெளியே வந்ததும் அக்கா அம்மாவிடம் சொன்னார்: "கதைக்கிறது பெரிய காரியமில்லை. பக்கத்துக் கதிரை வெறுமையா இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."

அவருடைய சொந்தப் பக்கத்துக் கதிரையின் கதைதான் நான் சொல்ல வந்தது.

ரூபன் அண்ணை பதினேழு வயதில் அக்காவிடம் வந்து சேர்ந்தவர். அழகாகக் கிரிக்கெட் விளையாடுவார் என்று அம்மா சொல்வார். ரயில் நிலையத்தில் ஒருமுறை அவருடைய பையில் கஞ்சா பிடிபட்டது. முதல்முறை எச்சரிக்கையோடு விட்டார்கள். இரண்டாம் முறை சிறை. சிறையிலிருந்து நேரே கொழும்புக்கு விமானம். அந்த வழக்கு நாட்களில் அக்கா தனியாகத்தான் நீதிமன்றத்துக்குப் போய் வந்தார். எல்லாருடைய டெர்மினுக்கும் போனவர், தன்னோடு வா என்று ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் ஊர் அறிந்துவிடும். ஊருக்கு அவர் சொன்னது, தம்பி கனடாவுக்குப் போட்டான் என்று. அந்தக் காலத்தில் நம்மவர்களில் யார் திடீரென்று காணாமற்போனாலும் கனடாவுக்குத்தான் போவார்கள்.

அம்மா அதை நம்பிவிட்டார். யாரோ ரொறன்ரோவுக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரூபனுக்குப் பிடிக்கும் என்று ஒரு பெரிய பேணி நிறையப் பருத்தித்துறை வடை சுட்டு அக்காவிடம் கொடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டார். இரண்டு கிழமை கழித்து, தம்பிக்கு நல்லாப் பிடிச்சதாம், இன்னும் கொஞ்சம் உறைப்புப் போட்டிருக்கலாமாம் என்று சொன்னார். அம்மா அடுத்த பேணியில் உறைப்புக் கூட்டினார். இப்படி எத்தனை பேணி போனதோ தெரியாது. கன காலம் கழித்துத்தான் அக்கா என்னிடம் சொன்னார்: "உன்ர கொம்மாவின்ர வடை முழுக்க நான்தான் திண்டது. அழுதழுது திண்டன். உறைப்பு எனக்குக் காணாது, அதுதான் அப்பிடிச் சொன்னனான்."

ஒருநாள் கோயில் அன்னதானத்தில், தம்பி கனடாவில் கலியாணம் கட்டிவிட்டாரா என்று யாரோ கேட்டார்கள். அக்காவுக்கு அன்று என்ன வந்ததோ, இலையிலிருந்து நிமிர்ந்து எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "தம்பி கனடாவிலை இல்லை. கஞ்சாவோடை பிடிபட்டு மறியலுக்குப் போனவன். பிறகு கொழும்புக்கு அனுப்பிப்போட்டாங்கள். உயிரோடை இருக்கிறான்." சாம்பார் வாளியோடு வந்தவர் அவருடைய இலையைத் தாண்டிப் போய்விட்டார். அன்றிலிருந்து அது 'தூள் குடும்பம்'. கஞ்சா வேறு, தூள் என்கிற ஹெரோயின் வேறு என்று பார்த்துப் பிரிக்கும் பொறுமை நம்மிடம் இருக்கவில்லை. கிழமை நாட்களில் டெர்மினுக்கு அக்கா வேண்டும். சனி ஞாயிறு விசேஷங்களுக்கு வேண்டாம்.

நான் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கும் அவரைக் கூப்பிடவில்லை. மண்டபம் எடுத்து, முந்நூறு பேருக்குச் சொல்லி, அக்காவை விட்டுவிட்டோம். திங்கட்கிழமை காலை அம்மாவைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போக அவர் வந்தார், வழக்கம்போல. "படமெல்லாம் வந்திட்டுதோ? காட்டுங்கோ பாப்பம்" என்று கேட்டு வாங்கி, ஒவ்வொரு படமாகப் பார்த்தார். "சேலைக்கரை நல்ல வடிவு" என்றார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்போதே எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தால் அவருக்கு ஒரு பிரயோசனமும் வரவில்லை.

இனி என்னைப் பற்றி. நான் மருந்துக் கம்பனியில் வேலை செய்வதாக உங்களுக்குத் தெரியும். அம்மா கோயிலில் அப்படித்தான் சொல்வார், நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது கஞ்சாவை இறக்குமதி செய்து மருந்துக் கடைகளுக்கு விற்கும் கம்பனி. மூட்டை மூட்டையாக வரும் பூவை நான் மணந்து, ஈரம் பார்த்து, நல்லது என்று கையெழுத்து வைக்கிறேன். ரூபன் அண்ணையின் பையில் இருந்த அதே பூ. அவருக்கு அதனால் நாடு போனது. எனக்கு அதனால் வீடு வந்தது.

இதை அக்கா கண்டுபிடித்தது நோயில் விழுந்த பிறகு. புற்றுநோய் எலும்பு வரை பரவி, நோ தாங்கமுடியாமல் போக, வைத்தியர் கஞ்சாத் துளிமருந்து எழுதிக்கொடுத்தார். அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பி வாசிப்பவர். எனக்கு அழைப்பு வந்தது.

"பிள்ளை, உன்ர கம்பனியின்ர பேர் என்ர மருந்துப் பெட்டியிலை கிடக்கு."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பயப்பிடாதை, கொம்மாவுக்குச் சொல்லமாட்டன். மருந்து நல்லம், நோ குறையுது. ஆனா கடை தந்த துண்டைப் பாத்தியோ? வரியும் எடுத்திருக்கிறாங்கள். ரூபனைப் பிடிச்சுத் தள்ளின சாமானுக்கு நான் இப்ப அரசாங்கத்துக்கு வரி கட்டுறன்."

அந்த இடத்தில்தான் அக்காவின் கோரிக்கை தொடங்கியது. சட்டம் மாறிவிட்டது, வைத்திருக்கலாம், வீட்டில் வளர்க்கலாம், சங்கமாகச் சேர்ந்து வளர்க்கலாம் என்றாகிவிட்டது. சில நகரங்களில் சோதனையாகக் கடை வைத்து விற்கலாமா என்ற பேச்சும் அடிபட்டது. கடை வந்தால் வரி வரும். அந்த வரியில் முதல் பங்கு, இதே பொருளால் உடைந்த குடும்பங்களுக்குப் போகவேண்டும் என்பது அக்காவின் கட்சி. திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு வழக்கறிஞர் பிடிக்க. அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி பாதியில் நின்றவர்கள் மறுபடி ஒரு தொழில் பழக. குடியுரிமை மறுக்கப்பட்டவர்கள் திரும்ப அன்ட்ராக் விண்ணப்பம் போட. பழைய தண்டனைப் பதிவுகளை விண்ணப்பித்தால் அழிப்பார்களாம் அக்கா, அது நல்லதுதானே என்றேன் நான். "ரூபனை அழிச்சாச்சு. பதிவையும் அழிச்சா மிச்சம் என்ன இருக்கு? ஒண்டும் நடக்கேல்லை எண்டு ஆயிடும்" என்றார்.

கடையே வரவில்லை, பிள்ளை பிறக்க முதல் பேர் வைக்கிறீர்களே என்று ஒருநாள் பகிடி பண்ணினேன். அக்கா விடவில்லை. "நாங்கள் இப்ப வைக்காட்டி, பிறந்த பிறகு ஆளாளுக்குத் தங்கட பேரை வைப்பினம். றோட்டுக்கு எண்டுவினம், பாலத்துக்கு எண்டுவினம். எங்களை ஆர் நினைக்கப் போயினம்?"

வட்டாரத்தில் இந்தக் கடைகளைப் பற்றி ஒரு மக்கள் கூட்டம் வைத்தார்கள். பேச அக்காவும் பெயர் கொடுத்தார். "நீ வா. உன்ர தொழில் என்ன, அதிலை வரி எப்பிடி வருது எண்டு ரெண்டு வசனம் சொல்லு. நான் தம்பியைப் பற்றிச் சொல்லுறன். ரெண்டையும் ஒரே வாங்கிலையிருந்து கேட்டாத்தான் அவைக்கு விளங்கும்." ஓம் என்றேன். ஹம்பேர்க்கிலிருந்து ரயில் ஏறி வந்தும் விட்டேன்.

மண்டபத்துக்குள் நுழையும்போதே பார்த்தேன். முன்வரிசையில் அக்கா, பக்கத்துக் கதிரையில் அந்தப் பழுப்புக் கைப்பை. எனக்குப் பிடித்து வைத்த இடம். பின்வரிசையில் கோயில் சபையிலிருந்து இரண்டு பேர். கோயில் தெருவில் கஞ்சாக் கடை வந்துவிடுமோ என்று பார்க்க வந்தவர்கள். "அட, நீரும் வந்தனீரோ? மருந்துக் கம்பனிக்காரர் சொன்னாத்தான் இவங்களுக்கு விளங்கும், இது எவ்வளவு கேடு எண்டு" என்று ஒருவர் இடம் விட்டுத் தந்தார். நான் அங்கேயே இருந்துவிட்டேன்.

அக்கா எழும்பிப் பேசினார். ஒரு முதியவர், ஜெர்மன்காரர், மரியாதையாகத்தான் கேட்டார்: அன்றைக்கு அது சட்டம், சட்டத்தை மீறியவருக்கு ஏன் ஈடு கொடுக்கவேண்டும் என்று. அக்கா தன் உடைந்த ஜெர்மனில் சொன்னார்: "தண்டனையைத் தம்பி முழுதாக அனுபவித்துவிட்டான். அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. குற்றம் என்று சொன்னதை இனி நீங்களே விற்கப் போகிறீர்கள். விற்கிறவர் வாங்கிக்கொள்ளும் காசில் அவனுக்கு ஒரு பங்கும் இல்லையா?" சொல்லிவிட்டு, அடுத்ததை நான் சொல்லவேண்டும் என்று, பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். பை இருந்தது. கூட்டத்தை நடத்தியவர் நன்றி சொல்லி அடுத்த பெயரை அழைத்தார். ஒருவர் வந்து, அந்தக் கதிரை வெறுமையா என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினார். கூட்டம் முடியும்வரை பையை எடுக்கவேயில்லை.

வெளியே என்னைக் கண்டதும், "வந்தனியோ? நல்லது. சாப்பிட்டனியோ?" என்றார். அவர் ஏசியிருந்தால் நான் இன்று இதைவிட நன்றாக நித்திரை கொள்வேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஹொஸ்பிஸ் என்ற கடைசிநாள் பராமரிப்பு இல்லத்தில். கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன், அவர் முந்திக்கொண்டார். "நீ கதைச்சிருந்தா நாங்கள் வெண்டிருப்பம் எண்டு நினைக்காதை. ஒண்டும் நடந்திராது. அண்டைக்கு எனக்குக் கால் நடுங்கினது, அவ்வளவுதான். பக்கத்திலை ஆள் இருந்தா நடுங்காது." பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

இதை அச்சுக்கு அனுப்ப முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். என் வேலையைப் பற்றிய இடத்தில் அம்மாவின் முகம் மாறியது. தொடர்ந்து வாசிக்கச் சொன்னார். முடிந்ததும் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினார். திரும்பி வந்து, "அறிவித்தலுக்குக் கனடா எண்டு சொன்னது நான்தான் எண்டும் எழுது. வாய் பழகிப்போச்சு" என்றார். எழுதிவிட்டேன், அம்மா. நீங்கள் சொன்னீர்கள், நான் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

அக்காவின் உடைமைகளைப் பிரித்தபோது ரூபன் அண்ணை எனக்கென்று ஒன்றைத் தரச் சொன்னாராம். அந்தக் கைப்பை. றப்பர் வளையம் இன்னும் அதில் இருக்கிறது. உள்ளே ஒரு சீப்பும் இரண்டு ரயில் நிலைய நாப்கினும் தவிர ஒன்றுமில்லை.

கடைகள் இன்னும் வரவில்லை, வரியும் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் வட்டாரத்தில் மறுபடி கூட்டம் வைக்கிறார்கள். பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன், தொழில் என்று கேட்ட இடத்தில் கஞ்சா என்றே எழுதியிருக்கிறேன். எனக்குக் கால் நடுங்கும் என்று இப்போதே தெரிகிறது. முன்வரிசையில் இருப்பேன், பக்கத்துக் கதிரையில் பையை வைத்திருப்பேன். அக்கா உங்களில் எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர். நீங்கள் யாராவது வந்தால், பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

சுகன்யா
ஹம்பேர்க்