கறுப்படித்த வட்டம்

சின்னம்மா தன் வலக்கைப் பெருவிரலை மடக்கி முன்னங்கையின் மேல் படுக்கவைத்தார். அவ்வளவுதான். தூங்குகிற பூனைக்குட்டியைத் தரையில் விடுகிற மென்மையோடு. அந்த ஆஸ்பத்திரி அறையில் மற்ற மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு நின்றது. வைத்தியருக்குச் சந்தோஷத்தில், அம்மாவுக்குப் பயத்தில், எனக்கு இரண்டிலும்.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் பதின்மூன்று வயது. மிச்சம் என்ற ஆங்கிலேயப் புறநகரில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்களோடுதான் இருந்தார். என் மூட்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. கதவைத் தள்ளினால் தோள் நழுவும். படி இறங்கினால் முழங்கால் சில்லு ஒரு பக்கம் போய், கடைக்குப் போனவர் மாதிரித் தன்பாட்டில் திரும்பி வரும். நோவு மட்டும் போகாது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு ஒழுங்கு, இரத்தமும் ஒழுங்கு. உடற்பயிற்சி ரீச்சர் நடிப்பு என்றார். குடும்ப வைத்தியர் வளர்கிற வயதின் நோவு என்றார். கடைசியாகப் பார்த்தவர், பள்ளிக்கூடம் போகப் பயந்து மனம் செய்கிற வேலை என்று கடிதமே எழுதினார். அந்தக் கடிதத்தோடுதான் பஸ் ஏறி, ரயில் மாறி, நகரத்தின் நடுவில் இருந்த மூட்டு வைத்தியரிடம் வந்திருந்தோம். இவரும் ஒன்றுமில்லை என்றால் நான் பொய்க்காரி. இனி எப்போதும் பொய்க்காரி.

அந்த வைத்திய அம்மையார் எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். சின்னவிரலைப் பின்னால் வளை என்றார். பெருவிரலால் முன்னங்கையைத் தொடு என்றார். முழங்கால் மடங்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வை என்றார். எல்லாம் வந்தது, வகுப்பில் நான் காட்டுகிற வித்தைகள்தானே! மூட்டைக் கட்டிப்பிடிக்கிற தொடுப்பிழையமே தளர்வாக அமைந்திருக்கலாம் என்றார் அவர். ஆனால் இப்படி வளைகிற பிள்ளைகள் நிறைய, எல்லோருக்கும் நோவதில்லை. குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்தால் உறுதியாகச் சொல்லலாம். ஒரு தாளை எடுத்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று எங்கள் குடும்பத்தைக் கீறினார். இந்த நோய் வருத்தம் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு அடிப்பாராம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. மொழிபெயர்ப்பாளர் நான்தான். கேள்வியைச் சொன்னேன். அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிசியின் வருங்காலத்தைக் கீறிக் காட்டுகிற தாள் அவருக்குப் புதிதில்லை. சின்னம்மாவின் சாதகம் போன கிழமைதான் வால்தம்ஸ்டோவில் ஒரு மாப்பிள்ளையின் சாதகத்தோடு பொருந்தியிருந்தது.

“ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்லு.”

“அம்மா, சின்னம்மான்ரை விரல்...”

“வாயை மூடு. இஞ்சை எங்கட ஆக்கள் எத்தினை பேர் வேலை செய்யினம் தெரியுமே? பின்னேரத் தேத்தண்ணிக்கிடையிலை வால்தம்ஸ்டோ முழுக்கத் தெரிஞ்சிடும்.”

ஒருவருக்கும் இல்லை என்று மொழிபெயர்த்தேன். வைத்தியர் பேனாவை மூடினார். அப்போதுதான் சின்னம்மா கையை நீட்டினார்.

“எடியே, உனக்கென்ன விசரே?”

“அக்கா, பிள்ளை நடிக்கிறாள் எண்டு இவ எழுதப் போறா. எழுதினாப் பிறகு ஆர் அழிக்கிறது?”

தன் தோள் நழுவிய கதைகளை எல்லாம் சின்னம்மா உடைந்த ஆங்கிலத்தில் தானே சொன்னார். ஒரு வட்டம் கறுத்தது. என் நோவுக்கு அன்று பெயர் கிடைத்தது. நீளமான பெயர், மாறாத வருத்தம். ஆனாலும் வீடு போகும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வைத்தியர் அம்மாவின் கையையும் பார்க்கக் கேட்டிருந்தார். அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் சின்னம்மாவே மாப்பிள்ளைக்குப் போன் எடுத்தார். மாப்பிள்ளை பெற்றோல் செட்டில் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்திருக்கும் நேரம். படியில் இருந்த எனக்கு ஒரு பக்கம் மட்டும் கேட்டது.

“ஓம், வளையும்... சீ, தொத்தாது... பிள்ளையளுக்கு வரலாம், பாதிக்குப் பாதியாம்... வேறையோ? வேறை கோவம் வரும். அது வருத்தமில்லை, சுபாவம்.”

பத்து நாளில் பதில் வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம்.

“போன மாதம் பொருந்தினது. கிரகமும் என்ரை தோள் போலை நழுவிப்போட்டுது” என்று சிரித்தார் சின்னம்மா. பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, வெகுநேரம் வெளியே வரவில்லை. நாலு வருஷம் கழித்து எட்மண்டன்காரர் ஒருவர் பெண் பார்க்க வந்தபோது, தேத்தண்ணிக்கு முதலே சின்னம்மா விரலை வளைத்துக் காட்டினாராம். அவர் தன் வழுக்கையைக் காட்டினாராம். இருவரும் இன்றும் சண்டையும் சமாதானமுமாக இருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கதவடியில் நின்று கேட்ட என் அம்மாவைப் பற்றியும்தான். ஆஸ்பத்திரியின் அடுத்த தவணைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். வைத்தியர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமல், அம்மா கைப்பையைத் தரையில் வைத்தார். பெருவிரலை மடக்கினார். என்னுடையதைவிடச் சுலபமாக அது முன்னங்கையில் போய்ப் படுத்தது.

“சொல்லு” என்றார் என்னிடம்.

“என்னத்தை அம்மா?”

“சோம்பேறியெண்டு ரீச்சர் என்னை ஒவ்வொரு நாளும் முழங்காலிலை நிக்கவிட்டவ எண்டு சொல்லு. நோகுது எண்டு சொன்னனான், ஒருத்தரும் நம்பேல்லை எண்டு சொல்லு.”

வைத்தியர் பேனாவோடு காத்திருந்தார். அதை நான் உடனே மொழிபெயர்க்கவில்லை. எனக்கு அம்மாவின் கையைப் பிடிக்கவேண்டியிருந்தது.

எனக்கு இப்போது ஐம்பது வயது. ஆஸ்பத்திரியில் வைத்தியர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். குடும்பத்தில் வேறு யாருக்கு என்று ஒவ்வொரு புதியவரும் கேட்கிறார். நான் அம்மாவில் இருந்து தொடங்குகிறேன்.