லோர்னாவின் பேட்டரியைத் தின்றது யார்

இந்தப் பாலைவனத்தில் வண்டிவீடுகளில் குளிர்காலம் கழிக்கும் நாங்கள் பிறர் வண்டியின் வயரைத் தொடுவதில்லை. யோசனை சொல்வோம், டார்ச் பிடிப்போம், காபி கலந்து கொடுப்போம். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்போம். இங்கே கடைசியாகக் கை வைத்தவன் தலையில்தான் கோளாறு விழும். நான் ஒருமுறை ஒரு கிழவருக்கு ஃபியூஸ் மாற்றிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அவர் வண்டியின் தண்ணீர் மோட்டார் நின்றபோதும் என்னைத்தான் திட்டினார்.

லோர்னா டிபெட்ஸுக்கு இந்த வழக்கம் ரொம்பவே பிடித்திருந்தது. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. மெய்ன் மாநிலத்தில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். அந்த ஊர்ப் பனியை வாரி வாரி முதுகு விட்டுப்போய், வீட்டை விற்று, டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் வண்டிவீடு ஒன்றை வாங்கிக்கொண்டு அரிசோனாவுக்கு வந்துவிட்டாள். கூரைமேல் சூரியத் தகடு, கட்டிலுக்கடியில் இன்வெர்ட்டர், முன்னால் இரும்புப் பெட்டிக்குள் பேட்டரிகள். எல்லாம் அவளே மாட்டியது. யாராவது ஸ்க்ரூடிரைவரோடு கிட்டே போனால், “தேங்க்ஸ், நானே பாத்துக்கறேன்” என்பாள். அந்தத் தேங்க்ஸில் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்.

பிழைப்பும் அந்த வண்டிவீட்டிலிருந்துதான். டூசான் நகரத்தில் நர்சிங் படிக்கும் யெசேனியா என்ற பெண்ணுக்குக் காது கேட்காது. வகுப்பில் பேராசிரியர் பேசுவது இணையம் வழியாக லோர்னாவின் காதுக்கு வரும். இவள் தட்டத் தட்ட, அங்கே அந்தப் பெண்ணின் திரையில் எழுத்தாக ஓடும். இரண்டு வருடமாக இப்படி. ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் யெசேனியா எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்று கேட்டால் லோர்னா யோசிக்காமல் சொல்வாள்.

ஜனவரியில் அவளுடைய பேட்டரி திடீரென்று சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. சாயங்காலம் நிறைந்திருக்கும், விடிந்தால் காலி. ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பு நடுவிலேயே எல்லாம் அணைந்துவிட்டது. இருபது நிமிடம் அந்தப் பெண் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த வேலையைக் கொடுத்த ஏஜென்சிக்காரர்கள் கேட்டதற்கு, இணையம் போய்விட்டது என்று லோர்னா சொல்லி வைத்தாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் போடுவோம் என்றார்கள்.

அடுத்த வகுப்பு வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு. திங்கட்கிழமை பரீட்சை, அதற்கு முந்தைய கடைசி வகுப்பு அது. புதன்கிழமை முழுவதும் அவள் வண்டியைச் சுற்றி ஆளாளுக்கு வந்து யோசனை சொன்னோம். பக்கத்து வண்டி ஆர்லோ மடக்கு நாற்காலியையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

“பேட்டரி செத்துப்போச்சு, லோர்னா. புதுசு வாங்கு. செத்ததுக்கு எத்தனை நாள் காவல் இருப்ப?”

“வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆச்சு ஆர்லோ.”

“எனக்கு முதல் கல்யாணம் எட்டு மாசம்தான் தாங்குச்சு. அதுக்கென்ன பண்றது?”

“அதுல கோளாறு எந்தப் பக்கம்னு ஊருக்கே தெரியும். நாற்காலிய நகத்து, வெளிச்சம் மறைக்குது.”

வயர்களின் முனைகளை எல்லாம் கழற்றி, பச்சை பூத்திருந்ததைச் சுரண்டி, மறுபடி இறுக்கினாள். அன்றைக்குப் பகலெல்லாம் நல்ல வெயில். பேட்டரி நிறைந்தது. தீர்ந்தது என்றுதான் நினைத்தோம்.

வியாழன் காலை ஏழரைக்கு நான் காபியோடு வெளியே வந்தபோது லோர்னா தன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மீட்டர். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“மறுபடியுமா?” என்றேன்.

“கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு, வெண்டல். கம்ப்யூட்டரையும் இணையத்தையும் போட்டா பத்து நிமிஷம்கூட தாங்காது.”

குளிர்காலச் சூரியன் மலையைத் தாண்டி அவள் தகட்டுக்கு வர ஒன்பதரை ஆகும். அவளுடைய டிரக்கோ, தண்ணீர் பம்ப் உடைந்து மூன்று நாளாக ஊருக்குள் மெக்கானிக்கிடம் கிடந்தது. உதவட்டுமா என்று கேட்டால் அந்தத் தேங்க்ஸ்தான் வரும்.

அவள் உள்ளே போய் ஒவ்வொன்றாக அணைத்தாள். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார். எல்லாம் அணைந்த பிறகும் மீட்டர் காட்டிய கரண்ட் செலவு பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. எதுவோ இழுத்துக்கொண்டே இருந்தது. வண்டிவீட்டுக்குள் சத்தமே இல்லாமல் போனபோதுதான் கட்டிலுக்கடியிலிருந்து சின்னதாக ஒரு முனகல் கேட்டது. வெளியே நின்ற எனக்கே கேட்டது.

லோர்னா கட்டில் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“சார்ஜர் ஓடுது” என்றாள்.

விஷயம் இதுதான். கரண்ட் உள்ள முகாமுக்குப் போனால் வண்டியின் தடிமனான வயரை அங்கே சொருகுவோம். உள்ளே இருக்கும் சார்ஜர் பேட்டரியை நிரப்பும். பாலைவனத்தில் அதே வயரை எங்கள் இன்வெர்ட்டரிலேயே சொருகிவிடுவோம், எல்லா பிளக்கிலும் கரண்ட் வரும். ஆனால் அப்போது சார்ஜரை மறக்காமல் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரியிலிருந்து எடுத்த கரண்டைக் கொண்டே சார்ஜர் அதே பேட்டரியை நிரப்பப் பார்க்கும். ஒரு குடத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு அதே குடத்தில் ஊற்றுவது மாதிரி. சிந்துவதுதான் மிச்சம். பகலில் வெயில் ஈடு கட்டிவிடும், ராத்திரியில் குடம் காலி. இரண்டு வாரத்துக்கு முன் துணி துவைக்க ஊருக்குப் போய் ஒரு நாள் முகாமில் தங்கியபோது லோர்னா சார்ஜரைப் போட்டிருக்கிறாள். திரும்பி வந்து வயரை மாற்றிச் சொருகியவள், அதை அணைக்க மறந்துவிட்டாள்.

எங்களில் இதைச் செய்யாதவர் ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் லோர்னா செய்திருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் போன வருடம் ஆர்லோ இதே தப்பைச் செய்தபோது அரை மணி நேரம் அவனை நிற்க வைத்து வறுத்தெடுத்தவளே அவள்தான்.

“நான்தான்” என்றாள். “இணையமும் இல்ல, பேட்டரியும் இல்ல. அந்தப் பொண்ணு இருபது நிமிஷம் சும்மா உக்காந்திருந்ததுக்குக் காரணம் நான்தான்.”

சார்ஜர் சுவிட்சை அணைத்தாள். மணி எட்டேகால். பிறகு வாசலுக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், என் டிரக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“வெண்டல், உங்க எஞ்சின்ல இருந்து கரண்ட் குடுக்க முடியுமா? வகுப்பு முடியற வரைக்கும்?”

நான்கு குளிர்காலத்தில் அவள் ஒருவரிடம் ஒன்று கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். காபியைக் கொட்டிவிட்டு டிரக்கை எடுத்துவந்து அவள் பேட்டரிப் பெட்டியை ஒட்டி நிறுத்தினேன். ஜம்பர் கேபிளின் ஒரு முனையை என் பேட்டரியில் மாட்டி, மறுமுனையை, எங்கள் வழக்கப்படி, அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. “நீங்களே மாட்டுங்க” என்றாள். “இன்னைக்கு எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல.”

“அப்புறம் இந்த வண்டில எது கெட்டாலும் என் தலையில விழும், யோசிச்சுக்கோ.”

“விழட்டும். மாட்டுங்க.”

சிவப்பு, கறுப்பு என்று பார்த்துப் பார்த்து மாட்டினேன். எஞ்சினை ஓட விட்டேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

டிரக்கில் இருந்தபடியே அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் நிற்கவே இல்லை. ஆர்லோ சத்தம் கேட்டு வந்து வாயைத் திறக்கப்போனான். கையை ஓங்கிக் காட்டினேன், போய்விட்டான். பத்து மணிக்கு வெயில் தகட்டில் நன்றாக விழுந்தது. அப்போதும் நான் எஞ்சினை அணைக்கவில்லை. பயம்தான்.

பதினொன்றுக்குச் சற்று முன்னால் அவள் ஹெட்போனைக் கழற்றினாள். நான் படியருகே போனேன். அவள் இன்னும் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள், மிக மெதுவாக.

“யாருக்கு?”

“ஏஜென்சிக்கு உண்மைய எழுதிட்டேன். இது அந்தப் பொண்ணுக்கு. செவ்வாக்கிழம இணையம் போகல, என் தப்பு, வேற ஆள் வேணும்னா கேட்டுக்கோன்னு.”

அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. படித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன்.

“வேற ஆள் போடட்டுமான்னு ஏஜென்சில அன்னைக்கே கேட்டாங்க, நான் வேண்டாம்னுட்டேன். உங்களுக்கு முன்னாடி எனக்குத் தட்டினவங்க எல்லாம் கிளாஸ் சிரிச்சா, ‘சிரிப்பு’ன்னு மட்டும் போடுவாங்க. நீங்க புரொஃபசர் சொன்ன ஜோக்கை எழுதுவீங்க. அதனால நானும் எல்லாரோடயும் சேர்ந்து சிரிக்கிறேன்.”

கண்ணாடியைக் கழற்றினேன். திரும்பிப் பார்த்தேன்.

“அந்தாளு சொல்ற ஜோக்கு ஒண்ணுகூட நல்லா இருக்காது, வெண்டல்” என்றாள் லோர்னா. அழுதுகொண்டேதான் சொன்னாள்.