ஹெட்போனில் மிஞ்சிய தறிச் சத்தம்

1. மண்டபத்தில் ஒரு காலை

பேனலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். ஆளுயரப் போட்டோ. தறியின்மேல் இரண்டு கைகள், பாதி நெய்த பட்டுச்சேலை, அதன் கரை. பக்கத்தில் ஒரு ஹெட்போன் தொங்கியது.

"இந்தப் போட்டோவை உடனே இறக்குங்க" என்றேன்.

மாணவி அக்ஷயாவுக்குப் புரியவில்லை. "ஏன்க்கா? முகமே இல்லையே. பேரை மாத்திட்டோம். வாய்ஸைக்கூடக் கொஞ்சம் மாத்தியிருக்கோம்."

சென்னையிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத் துறை மாணவர்களும் ஆரணி நெசவாளர்களும் சேர்ந்து செய்த கண்காட்சி அது. சென்னைக்குப் போகுமுன் ஊர்க்காரர்கள் பார்ப்பதற்காக ஆரணியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருநாள் வைத்தோம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நான்தான் கோஆர்டினேட்டர். அப்பா கூலிக்கு நெய்பவர். எங்கள் வீட்டில் ஒரு காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு.

அக்ஷயாவிடம் விளக்கினேன். ஆரணியில் நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கும் ஒவ்வொரு முதலாளிக்கும் சொந்தக் கரை டிசைன் இருக்கும். அதைத் தறியில் விழவைக்கும் துளையிட்ட ஜக்கார்டு அட்டையை அவரே அடித்துக் கொடுப்பார். புது டிசைன் என்றால் முதலில் ஒரே ஒரு தறியில்தான் ஏறும். இந்தப் புதுக் கரையைப் பார்த்தால் எந்த வீடு என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். முகம் வேண்டியதில்லை.

மாணவர்களோடு வந்திருந்த பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு ஒரு நாள்தானே? சென்னையில மாத்திக்கலாம்."

"சார், சென்னையில யாருக்கும் தெரியாது. இன்னிக்குத்தான் முதலாளிங்க வராங்க."

ஏணியைத் தேடி ஆள் அனுப்பினேன். ஏணி வருவதற்குள் அந்தக் கரையின் முதலாளியே வந்துவிட்டார்.

2. நாலு மாசம்

அந்தக் கைகள் சுமதியுடையவை. அஞ்சாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. பதிவு செய்யப் போனபோது நெய்துகொண்டே பேசினாள். இரண்டு வாக்கியம் பேசுவாள், தறி ஓடும், மறுபடி பேசுவாள்.

"நான் அஞ்சாவது படிக்கறப்ப, கரைக்கு நூல் ஓட்டற நாடாவ தள்ள ஆள் இல்லன்னு சொல்லிகினு எங்க முதலாளி வீட்டுக்கு வந்தாரு. கல்யாண சேலை, ஜல்தியா முடிக்கணும், பொண்ண நாலு மாசம் அனுப்பு, அப்பறம் ஸ்கூலுக்குப் போவட்டும்னாரு. எங்கப்பா சரின்னுட்டாரு. அந்த நாலு மாசம் இன்னும் முடியல."

இதைத்தான் அந்த ஹெட்போனில் வைத்திருந்தோம். அவளுடைய மகள் இப்போது அஞ்சாம் வகுப்பு. "சென்னையில தெறக்கிற அன்னிக்கி அவள இட்டுகினு வருவேன். அம்மா பேசறத மியூசியத்துல நின்னு கேக்கட்டும்" என்றாள். அதற்காகவே பேசச் சம்மதித்தாள்.

3. "நல்லா பண்ணிகிறீங்க"

முதலாளி போட்டோ முன்னால் நின்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு அதைப் பத்திரமாகக் கொக்கியில் தொங்கவிட்டார்.

"நல்லா பண்ணிகிறீங்க" என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ பெருமாளு பொண்ணுதான? இன்னாம்மா இது? புது டிசைனு, இன்னும் கடைக்கே போவல. ஊருக்கே தொறந்து காட்டிட்டா எப்டி?"

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் போட்டோவை இறக்கிவிட்டோம். பேராசிரியரே அவர் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். காபி கொடுத்தாராம்.

அந்த வாரம் தறியில் இருந்த சேலை முடிந்து, சுமதியின் கணவர் அடுத்த பாவு வாங்கப் போனார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் பட்டு நூல். முதலாளி அதைக் கொடுத்தால்தான் கூலி நெசவாளர் வீட்டில் தறி ஓடும். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வாரமும் அதையே சொன்னார்.

4. சும்மா கிடந்த தறி

நான் போனபோது தறியில் பழைய பாவின் நுனி மட்டும், நூல் கோக்கும் சீப்பு போன்ற அச்சில் தொங்கியது. சுமதி வெறும் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"போட்டோவ அன்னிக்கே எடுத்துட்டமே சுமதி" என்றேன்.

"போட்டோவாடி பிரச்சன? அவரு மாட்டிகினு கேட்டாரு இல்ல? அதான்."

"மனு குடுக்கலாம். நானே எழுதறேன். வேற முதலாளிகிட்டயும் கேட்டுப் பாக்கலாம்."

"எழுதுவ. நல்லா எழுதுவ. எல்லா முதலாளியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. எவன் குடுப்பான்? உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும் காவேரி." பலகையை விட்டு எழுந்தாள். "நான் பேசினத எடுத்துடு. மொத்தமா எடுத்துடு. இத வெக்கலாமா அத வெக்கலாமான்னு வெட்டிகினு இருக்காத. பேஜாரா கீது."

பேராசிரியருக்கு வருத்தம்தான். ஆனால் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்றார். "இன்னொரு அம்மா ஜாலியா பேசினாங்களே, அதைப் போட்டுடலாமே?"

"வேணாம் சார். அந்த இடம் இவளோடது."

அரை நாள் வாதம் நடந்தது. கடைசியில் சுமதியின் சொற்களை மட்டும் நீக்கினோம். இடையிடையே ஓடிய தறிச் சத்தம் இருந்தது. அதன் கீழே வைக்கும் அட்டையை நான் எழுதினேன்: 'பேசியவர் தம் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.'

பேச்சை எடுத்துவிட்டதாகச் சுமதியின் கணவர் முதலாளியிடம் போய்ச் சொன்னார். மறுநாளே பாவு வந்தது.

5. திறப்பு நாள்

சென்னையில் நல்ல கூட்டம். ஒருவர் ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "மெஷின் ரிப்பேர் போலிருக்கு" என்று காவலாளியிடம் கொடுத்தார். கீழே இருந்த அட்டையை அவர் படிக்கவில்லை. நான் வாசலிலேயே நின்றிருந்தேன். சுமதியும் வரவில்லை, மகளும் வரவில்லை. சாயங்காலம் போன் செய்தேன். எடுத்தாள். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. "அப்பறம் பேசறேண்டி" என்று வைத்துவிட்டாள்.

இப்போதும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நெசவாளர் வீடுகளுக்குப் போகிறேன். ஒப்புதல் படிவத்தை முதலில் நீட்டக் கூடாது என்று அவர்களிடம் சொல்லிவிடுவேன். ரெக்கார்டரும் பையிலேயே இருக்க வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்ததும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

"உங்களுக்குப் பாவு யார் குடுக்கறாங்க?"

அதற்குப் பதில் வரும்வரை வேறு எதையும் கேட்க மாட்டேன்.