சட்டைக்கு மேலால் பாருங்கோ

எங்கள் ஊரில் காயத்தை இரத்தத்தைக் கொண்டுதான் மதிப்பார்கள். செல் குண்டு விழுந்த இடங்களிலிருந்து வருடக்கணக்காக ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். இரத்தம் ஓடுகிறவரை முதலில் ஏற்றுவது அவர்களின் கைக்குப் பழகிப் போயிருந்தது. அந்தப் பழக்கம் என்னைக் கொல்லப் பார்த்தது. அதனால் குறை சொல்லத்தான் போகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை.

சண்டை நின்றிருந்த காலம். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் அரிவு வெட்டு முடித்து, உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டைகளுக்கு மேல் ஏறி வந்துகொண்டிருந்தோம். மதகடியில் பெட்டி சரிந்தது. விழுந்த என் வலது நெஞ்சில் அதன் விளிம்பு இடித்தது. என் கணவரின் தங்கைக்குத் தலை வெடித்தது. தலைக்காயம் சின்னதென்றாலும் இரத்தம் கொட்டும். மச்சாளின் முகமெல்லாம் சிவப்பாகிவிட்டது.

ஓடி வந்தவர்கள் அவளை வான் வண்டியில் ஏற்றினார்கள். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவவுக்கு ஒண்டுமில்லை. பயந்துபோனா. சோடா உடைச்சுக் குடுங்கோ."

எனக்குப் பேச முடியவில்லை. மூச்சை உள்ளே இழுத்தால் யாரோ கத்தியைத் திருப்புவது போல் இருந்தது. "ஏலாது" என்ற ஒரு சொல்லுக்கே இரண்டு தரம் மூச்செடுத்தேன். நோவு குறையட்டும் என்று ஒரு பெண் துவாயால் என் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். வந்துகொண்டிருந்த கொஞ்ச மூச்சும் பாதியானது. பிறகு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் சொருகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சோடாவை இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வரும்.

சின்ன ஆஸ்பத்திரி. டொக்டர் மச்சாளின் தலையைத் தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்பே மாமி, கணவரின் தாய், வந்து நின்றா. என்னைப் படுக்கச் சொன்னார்கள். படுத்தால் மூச்சடைத்தது. எழும்பி வாங்குப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

டொக்டர் இடையில் வந்து, "அம்மா, நெஞ்சைத் திறந்து பாக்கவேணும்" என்றார்.

"அவள் என்ரை மருமோள். சட்டைக்கு மேலால் பாருங்கோ தம்பி. இல்லாட்டி மிஸ்ஸி வரட்டும்."

மிஸ்ஸி, அந்த ஆஸ்பத்திரியின் ஒரே தாதி, அன்றைக்கு முல்லைத்தீவுக்குப் போயிருந்தா. டொக்டர் ஊருக்குப் புதிது. மாமியின் முகத்தைப் பார்த்தார், வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற சனத்தைப் பார்த்தார், சட்டைக்கும் துவாய்க்கும் மேலால் குழாயை வைத்துக் கேட்டார். துவாயின் சரசரப்பைத் தவிர அவருக்கு என்ன கேட்டிருக்கும்? படித்த மனிதன் ஒரு தடவை அதட்டியிருக்கலாம். அதட்டாமல் தையலை முடிக்கப் போனார். அவரில் எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

பாதித் தையலோடு கட்டிலில் இருந்த மச்சாள்தான் என்னைக் கண்டாள். என் உதடு நீலம் பாய்ந்திருந்ததாம். கழுத்து நரம்பு விரல் தடிப்புக்குப் புடைத்திருந்ததாம். அவள் இறங்கி வந்து தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள்.

"என்னடி செய்யிறாய்?" என்று மாமி குறுக்கே வந்தா.

"தள்ளுங்கோ அம்மா! இவள் சாகப்போறாள்!"

துவாயையும் சட்டையையும் ஒன்றாக வெட்டினாள். என் இடது பக்கம் ஏறி இறங்கியது. வலது பக்கம் ஊதின பலூன் போல அசையாமல் நின்றது. டொக்டருக்கு அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. தடித்த ஊசி ஒன்றை எடுத்து வலது பக்கம் மேல் விலா எலும்புகளுக்கிடையில் குத்தினார். சைக்கிள் டியூப்பில் காற்றுப் போகும் சத்தம் கேட்டது. உடனே மூச்சு வந்தது. அழுகையும் வந்தது.

முறிந்த விலா நுரையீரலைக் குத்தி, வெளியேற வழியில்லாமல் காற்று நெஞ்சுக்குள் அடைபட்டு, நுரையீரலையும் இதயத்தையும் நசுக்கியதாம். முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் குழாய் விட்டு, அதன் நுனியைத் தண்ணீர்ப் போத்தலில் அமிழ்த்தி வைத்தபோது ஒரு தாதி விளங்கப்படுத்தினா. நெஞ்சில் அடிபட்டால் திறந்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல எழும்புகிறதா என்று பார்க்கவேண்டுமாம். இறுக்கிக் கட்டக்கூடாதாம். பார்க்கிறதுக்கு என்ன செலவு? கண் இருந்தால் போதும்.

குழாயைக் கழற்றிய அன்று மாமி வந்தா. சோறும் மீன் குழம்பும் கொண்டு வந்தா. பிறகு பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தா. என் சட்டை. இரத்தக்கறை ஒன்றும் அதில் இருக்கவில்லை, இருந்த வெட்டையும் நுணுக்கமாகத் தைத்திருந்தா.

"வெட்டினது தெரியாமல் தைச்சிருக்கிறன், பிள்ளை. டொக்டர் திறந்து பாத்ததெண்டு ஊரிலை ஒருதருக்கும் சொல்லேல்லை. நீயும் சொல்லாதை."

நான் சட்டையை விரித்துத் தையலை விரலால் தடவிப் பார்த்தேன். நல்ல தையல்தான்.

"மாமி, அண்டைக்கு மச்சாள் இதை வெட்டாமல் விட்டிருந்தால், இந்தச் சட்டையோடைதான் என்னைச் சுடலைக்குக் கொண்டுபோயிருப்பியள். அப்ப ஊர் ஒண்டும் கதைச்சிருக்காது, என்ன?"

இடையில் மூச்செடுக்க ஒரு தரமும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். மாமி சோற்றுப் பார்சலை அவிழ்க்கத் தொடங்கினா.