சரோஜா ஏட்டம்மா சொல்லாமல் போன சாட்சியம்

முதலில் மன்னித்துவிடுங்கள். ஏட்டம்மாவோடு இருபது வருடம் வேலை பார்த்தவர்கள் நம் காவல் நிலையத்தில் இருக்கிறீர்கள். நான் மூன்று வருடம்தான். படத்திறப்பு அன்று என்னைப் பேசச் சொன்னால் எழுந்து நிற்பேன், வாய் திறக்காது. அதனால் எழுதி, நகலெடுத்து, நிலையத்தாருக்கு மட்டும் கையில் தருகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

செய்தி வந்தபோது நான் கள்ளக்குறிச்சி நீதிமன்றப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கையில் அவருக்கான சம்மன். மலையில் அந்தப் பெண் இறந்த வழக்கில் அவர் சாட்சி சொல்ல வேண்டிய சம்மன். காலையில் வடக்கனந்தலில் தன் வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். திரும்பி உள்ளே போனேன். அங்கிருந்த காவலர், "இறந்துட்டாங்கன்னா பின்னாடி எழுதித் திருப்பிக் குடுத்துடும்மா" என்றார். "சாட்சி இறந்துவிட்டார்" என்று என் கையால்தான் எழுதினேன். அழக்கூட இல்லை. இனி அந்தக் கதவைப் பற்றி யார் சொல்வார்கள் என்பதுதான் மனத்தில் ஓடியது.

அவர் வேலை செய்கிற விதம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளிமலைப் பக்கம் தினைக்கொல்லையில் ஒருவரை வெட்டிப் போட்டிருந்த அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. தடய அறிவியல்காரர்கள் இன்னும் மலையேறவில்லை. ஈர மண்ணில் காலடித் தடங்கள். ஏட்டம்மா பக்கத்து வீடுகளுக்குள் புகுந்து அன்னக்கூடை, குண்டான் என்று கிடைத்ததையெல்லாம் வாங்கிவந்து ஒவ்வொரு தடத்தின் மேலும் கவிழ்த்தார். பறக்காமலிருக்க மேலே ஒரு கல். ஓர் அம்மாள் வரப்பில் நின்று சத்தம் போட்டார்.

"எம்மா போலீசு, எங்க அன்னக்கூடைய எப்ப தருவ? சோறாக்கினா எதுல கொட்டுறது?"

"அதுக்கு இன்னிக்கு டூட்டிம்மா. ஒனக்கும் சோறு இல்ல, எனக்கும் சோறு இல்ல. போ."

மழை கொட்டியது. கூடைக்கடியில் மண் காயாமலும் கரையாமலும் அப்படியே இருந்தது.

எங்கே போனாலும் முதலில் சம்பவ இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவார். கயிறு தாண்டுகிறவர் யாராக இருந்தாலும் பெயரும் நேரமும் எழுத வேண்டும். ஒருமுறை வந்த பெரிய அதிகாரி சிரித்துக்கொண்டே, "என் பேரு உனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும்ங்கய்யா. ஜட்ஜுக்குத் தெரியணும் இல்லீங்களா?"

அவர் எழுதிவிட்டுத்தான் போனார். "நம்ம காலு பட்ட எடமெல்லாம் நாமளே சொல்லிடணும். இல்லன்னா எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லுவான்" என்பார் ஏட்டம்மா.

இதையெல்லாம் பார்த்திருந்தும் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அந்த மலைக்கிராமத்து வீட்டு வாசலில் காவலுக்கு நின்றது நான். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பரண் ஏணியிலிருந்து விழுந்துவிட்டாள் என்று கணவன் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் ஏணி கூடத்தில் இருந்தது. அவள் கிடந்தது உள்ளறையில், பின்கதவை ஒட்டி. கதவு பாதி திறந்திருந்தது. ஒரு கை நீண்டு வாசக்காலைப் பிடித்திருந்தது. புடவை விலகிக் கிடந்தது. வாசலில் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீயும் பொம்பளதானே? இப்புடி அலங்கோலமா கெடக்குறா, பாத்துக்கினு நிக்கிறியே!"

நான் உள்ளே போய்ப் புடவையைச் சரிசெய்தேன். போலீசே உள்ளே போய்விட்டது என்றதும் இரண்டு பெண்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். வாசக்காலைப் பிடித்தபடி கிடந்தால் உயிர் வீட்டை விட்டுப் போகாது என்பது அவர்கள் நம்பிக்கை. என்னால் தடுக்க முடியவில்லை. கையை விடுவித்து மார்பில் மடக்கி வைத்தார்கள். நான் குனிந்திருந்தேன். பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. அதற்குள் நம்மவர்களும் சிலர் உள்ளே வந்திருந்தார்கள்; சாத்தியது யார் என்று நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் புகைப்படம் எடுத்தார்கள். படத்தில் கை மார்பில் இருக்கிறது. பின்கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. அவள் தப்பித்து ஓடப் பார்த்தாள் என்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. தாழிட்ட கதவைக் காட்டித்தான் இப்போது எதிர்த்தரப்பு வாதாடுகிறது.

அன்று ஏட்டம்மா கூட்டத்துக்குப் பயந்து பின்பக்கச் சரிவு வழியாக ஏறி வந்தார். கதவு திறந்திருந்ததையும், நம்மவர் ஒருவர் உள்ளிருந்து கை நீட்டி அதைச் சாத்தியதையும் தோட்டத்திலிருந்து கண்ணால் பார்த்தார். கெட்ட எண்ணத்தில் சாத்தவில்லை. ஜனங்கள் பிணத்தை எட்டிப் பார்க்கிறார்களே என்றுதான்.

நான் செய்ததை அவரிடம் சொன்னபோது அறைவார் என்று நினைத்தேன். என்னை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் கல்லூரி போன முதல் ஆள் என்று தெரிந்த நாளிலிருந்து அதுதான் என் பெயர்.

"இன்னா டிகிரி, மூடினதுக்கா அழுவுற? நானா இருந்தாலும் மூடியிருப்பேன். மூடுனேன்னு எழுது. எழுதலன்னா அப்ப அழு."

எழுதினேன். கதவைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நிலையத்தில் சண்டை போட்டார். இப்போது எழுதினால் கேஸ் நிற்காது என்றார்கள். "வுடுங்க. கூண்டுல ஏத்துவீங்க இல்ல, அங்க சொல்லிக்கிறேன்" என்று மேசையைத் தட்டிவிட்டுப் போனார். ஆனால் அவருக்கும் பயம் இருந்தது. வெகு காலத்துக்கு முன் ஒரு வழக்கில், கிணற்று மேட்டில் கிடந்த செருப்பை அவரே எடுத்து ஓரமாக வைத்திருக்கிறார். பயத்தில் அதைச் சொல்லவில்லை. வழக்கு நிற்கவில்லை, குற்றவாளி வெளியே வந்துவிட்டான். "அவன் டீக்கடையில என்னப் பாத்து வணக்கம் வைக்கிறான்டி" என்று ஒருநாள் ஜீப்பில் சொன்னார்.

இறந்த பெண்ணின் அம்மா சந்தைக்கு இறங்குகிற நாளில் நிலையத்துக்கு வருகிறார். போன வாரமும் வந்தார். "அந்த ஏட்டம்மா எங்கம்மா? கோர்ட்டுல நான் சொல்றேன்னுச்சே" என்றார். தண்ணீர் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது?

ஏட்டம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. எந்த வாசலில் நின்றாலும் என் கைகள் தாமாகவே பின்னால் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. "கண்ணு மொதல்ல போவட்டும், கையி அப்பறம் வரட்டும்" என்பார். நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதுகூட அப்படி நிற்கிறேன். அம்மா சிரிக்கிறார்.

இனி, இவ்வளவு நேரம் எழுதாமல் தள்ளிவைத்தது. இது உங்களில் ஒருவருக்கு மட்டும்.

ஏட்டம்மா உங்கள் பெயரை என்னிடம் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை, இந்தத் தாளிலும் எழுதவில்லை. அடுத்த வாய்தாவில் நான் கூண்டில் ஏறுகிறேன். கதவு திறந்திருந்ததைப் பார்த்தேன் என்பேன். சாத்தியது யார் என்று கேட்டால், சத்தம்தான் கேட்டேன் என்றுதான் சொல்ல முடியும். புடவையையே இழுத்துவிட்டவள் கதவைப் பற்றியும் கதை சொல்கிறாள் என்பார்கள். பார்த்தவர் போய்விட்டார். மீதி இருப்பது நீங்கள்தான். மெமோ வரலாம், அதற்கு மேலும் வரலாம். எனக்கும் வரும். உங்களுக்குப் பிள்ளைகள் இருப்பது தெரியும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். வாய்தாவுக்கு முன்னால் அரசு வழக்கறிஞரிடம் போய், அந்தக் கதவைச் சாத்தியது நான்தான் என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள், அண்ணே.