கோலார் குழியும் சித்தேரி மலையும்: நியூட்ரினோ பிடிக்கப் போன ஒரு கம்பளி

தர்மபுரி தனி ஜில்லா ஆன வருஷம். தையில் இந்தி வேண்டாமென்று பிள்ளைகள் ரோட்டில் இறங்கினார்கள், ஆவணியில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. அந்த இரண்டுக்கும் நடுவே, சித்திரையில், நான் மொரப்பூரில் ரயிலேறிக் கோலார் தங்கவயலுக்குக் குழி வேலைக்குப் போனேன். இப்போது சொல்லப்போகும் பயணம் போன மாசியில்தான் நடந்தது. ஆனால் அது கிளம்பியது அன்றைக்கே.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் கனகா தட்டுகிறாள். அவள் தர்மபுரியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறாள், கூடவே டாக்டர் பட்டத்துக்கும் படிக்கிறாள். பொங்கலுக்கு எங்கள் ஊர் ஏரியூருக்கு வந்தவளிடம் என்ன படிப்பு என்று கேட்டேன். "நியூட்ரினோன்னு ஒரு துகளுங்க மாமா. அதை முதமுதல்ல புடிச்ச இடங்கள்ல கோலார் குழியும் ஒண்ணு" என்றாள். கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் துகளைப் பிடிக்க இரும்பும் ஈயத் தகடும் கண்ணாடிக் குழாயும் சுமந்து இறக்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். ஏறக்குறைய ஒன்றரை மைல் ஆழம். பம்பாய்க்காரர், ஜப்பான்காரர், வெள்ளைக்காரர் என்று துரைமார் பல பேர் வந்தார்கள். என்ன பிடிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, ஏதோ கதிர் என்று பேசிக்கொள்வோம்.

நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். "அது ஆளை என்னம்மா பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாதுங்க மாமா. இப்பவே உங்க கட்டைவிரல் நகத்துக்குள்ள கோடிக்கணக்குல பாஞ்சிட்டிருக்கு. உங்களுக்குத் தெரியுதா?"

"அப்போ கிளம்பு. சித்தேரி போகணும்."

சித்தேரியில் என் கூட்டாளி இருக்கிறான். குழியில் அவனுக்குக் கம்பளி என்று பெயர். கிணற்றில் இறங்க இறங்கக் குளிரும் என்று நினைத்து, மலையிலிருந்து ஒரு கம்பளியைச் சுருட்டிக்கொண்டு வந்தவன். உள்ளே போனால் சோறு வேகிற சூடு. கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, வேர்த்து ஊற்ற நின்றான். அன்றைக்கு வைத்த பெயர். ஊர் திரும்பிக் கல்யாணம் கட்டினான், பிள்ளை இல்லை. பின்னால் அரூர் சந்தையில் பார்த்தபோது, "அந்தக் கதிரு என் வித்தைத் தின்னுடுச்சு மாதப்பா" என்றான். அவன் நின்ற அதே இடத்தில்தான் நானும் நின்றேன். எனக்கு மூன்று பிள்ளைகள். அதற்கப்புறம் அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சம். சாவதற்குள் அவன் நெஞ்சிலிருந்து அந்தப் பயத்தை எடுத்துவிட வேண்டும், அதுதான் இந்தப் பயணம்.

காலை ஆறரைக்கு ஏரியூரில் டவுன் பஸ். கனகாவுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு மட்டும் உண்டு. "ஆம்பளையாப் பொறந்ததுக்கு அபராதம்" என்றார் கண்டக்டர். பென்னாகரத்தில் மாறித் தர்மபுரி. அங்கே இட்லி நன்றாக இல்லை, பொங்கல் வாங்குங்கள். அரூர் பஸ் மொரப்பூர் வழியாகத்தான் போகிறது, நாற்பது கிலோமீட்டர் இருக்கும்.

மொரப்பூர் வந்ததும் ஜன்னல் பக்கம் சாய்ந்தேன். இங்கே ரயிலேறி ஜோலார்பேட்டை, பங்காருபேட்டை, அங்கே மாறித் தங்கவயல். எங்கள் கூட்டத்தில் பதினோரு பேர், எல்லாரும் இந்த ஜில்லா. பெட்டியில் கன்னடம் பேசுகிறவனிடம் கன்னடம் பேசி இடம் பிடிப்போம். புளிச்சோற்று வாசனையும் கரிப்புகையும் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. மூக்குதான் முன்னே மாதிரி இல்லை.

அரூர் போகும்வரை கனகா தன் ஆராய்ச்சியைச் சொன்னாள். நியூட்ரினோ மூன்று வகை. ஒரு வகையாகக் கிளம்பி, வழியிலேயே கலந்து, இன்னொரு வகையாக வந்து சேருமாம். எது எவ்வளவு கலக்கும் என்பதற்குக் காரணமாக ஒரு சமச்சீர் இருக்க வேண்டும் என்று சிலர் மாதிரி போட்டார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் கண்ணாடியில் பார்த்தது போலச் சரிபாதி. அப்படியென்றால் ஒரு கோணம் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

"அளந்து பார்த்தா பூஜ்யம் இல்லைங்க மாமா. கொஞ்சூண்டு சாய்வு இருக்கு. அது எதனாலன்னு தேடறதுதான் என் வேலை."

"கண்ணாடி மாட்டுன ஆணியைச் சரியா அடிச்சிருக்க மாட்டாங்க."

"இதையே எழுதிக் குடுத்துட்டா எனக்குப் பட்டம் வந்துடும்" என்று சிரித்தாள்.

அரூரிலிருந்து சித்தேரிக்குப் பஸ் கொஞ்சம்தான். நாங்கள் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். மலை வளைவுகளில் கனகா கண்ணை மூடிக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "எலுமிச்சம்பழம் மோந்து பாருங்கக்கா, கீழ பாக்காதீங்க" என்றார்.

கம்பளி களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "யாரு, எமன் அனுப்புன ஆளா?" என்றான்.

"எமனுக்கு உன் வூட்டு வழி தெரியலையாம். பாத்துட்டு வான்னான்."

அவன் மனைவி பழனியம்மா ஐப்பசியில் தவறிவிட்டாளாம். எனக்குச் சேதி வரவில்லை. அவன் பக்கத்தில் களத்திலேயே உட்கார்ந்தேன். பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கனகாவும் பொறுமையாக, அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று விளக்கினாள்.

அவன் சாமையைக் கையால் துழாவிக்கொண்டே கேட்டான். பிறகு, "இதுக்காடா இம்மாந்தூரம் வந்தே? எனக்கு அப்பவே தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"வேலையை விட்டு வர்றப்பவே அந்தப் பம்பாய் சாரைக் கேட்டேன். அது உன்னைக் கண்டுக்கவே கண்டுக்காதுப்பா, போய்க் கல்யாணம் கட்டிக்கன்னார்."

"பின்னே ஏன்டா சந்தையில அப்படிச் சொன்னே?"

"எங்காளுங்க இவளை மலடின்னாங்க. இன்னொருத்தியைக் கட்டுன்னு ஆத்தா ஒத்தக்கால்ல நின்னுச்சு. குழியில கதிரு பட்டுச்சு, இன்னும் நாலு பேரைக் கட்டுனாலும் ஆவாதுன்னேன். அதோட வாயை மூடிக்கிட்டாங்க."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"உன் வாயா? பங்காருபேட்டை தாண்டறதுக்குள்ள பெட்டி பூராவும் தெரிஞ்சிருக்கும். இனிமே சொல்லு. அவ காதுல உழாது."

கனகா எழுந்து போய் வேலியோரம் நின்றாள். சாயங்கால பஸ்ஸில் மலை இறங்கும்போது சொன்னாள். "கண்ணாடிக் கணக்குப்படி பழி ரெண்டு பேர் மேலயும் பாதிப்பாதி விழணுங்க மாமா. இவரு பூராத்தையும் தன் பக்கம் சாச்சுக்கிட்டாரு."

என் கூச்சத்தை எடுக்கத்தான் நான் போயிருக்கிறேன். அவனுக்கு எப்போதும் பயம் இருந்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு: அரூரிலேயே கடைசி பஸ் எப்போது என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். பணம் கையில் இருக்கட்டும். செல்போன் எல்லா இடத்திலும் எடுக்காது. மலைமேல் குளிரும், கம்பளி அங்கேதான் உதவும், குழிக்குள் இல்லை. சாமை கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் கம்பளி வூடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்தப் பெயர் தெரிந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் போயாயிற்று. நானும் போய்விட்டால், அந்தக் குழியில் இறங்கியவர்களில் இந்த ஜில்லாவில் மிச்சம் ஒருவன்தான். அவன் சொந்தப் பெயரைச் சொல்லி, களத்தில் சாமை காயவைக்கிற வெள்ளையன் என்று கேளுங்கள்.